அடுப்புக்குப் போகாத கட்டை

1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிடத் தொடங்கிய தேயிலையை நாம் செடி என்கிறோம். உண்மையில் அது மரம். வெட்டாமல் விட்டால் 30 அடிக்கும் மேல் வளரும். கொழுந்து கைக்கு எட்டுவதற்காகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறார்கள். வெட்டுக்குக் கீழே மீண்டும் மீண்டும் கிளை வெடிப்பதால் அடிமரம் முறுக்கி, முடிச்சு விழுந்து, இறுகிவிடுகிறது.

ஹட்டனில் எங்கள் வீட்டருகே பழைய மலையொன்றைப் பிடுங்கியபோது, விறகுக்கு வந்த ஒரு கட்டையை வாப்பாவிடம் கேட்டு வாங்கினேன்.

"பொம்புளப் புள்ளைக்கு உளி என்னத்துக்கு?" என்றார் உம்மம்மா.

ஈரம் வற்றுமுன் செதுக்கினால் மரம் வெடிக்கும். 6 மாதம் நிழலில் காயவைத்து, செதுக்கி, அரத்தால் தேய்த்தேன். பழைய கவ்வாத்துத் தழும்புகள் கருஞ்சுழிகளாகத் தெரிந்தன.

இப்போது உம்மம்மா தன் மூக்குக் கண்ணாடியை அதன்மேல்தான் வைக்கிறார்.