அரைப் புள்ளியின் அருமை

"அரை மதிப்பெண்தானே, போனால் போகட்டும்" என்று நம்மில் சொல்லாதவர் உண்டா? ஜப்பான் நாட்டில் ஓராண்டு முழுவதும் நடந்த கார்ப் பந்தயத்தின் முடிவையே ஓர் அரைப் புள்ளி மாற்றிவிட்டது. அந்தக் கதையைச் சற்றுக் காண்போமா?

நம் மாரண்டஹள்ளிச் சாலையில் தக்காளி ஏற்றிச் செல்லும் வண்டிகளை நாம் தினமும் பார்க்கிறோம். அவற்றின் சக்கரங்களுக்கு மேல் மட்கார்டு உண்டு. பார்முலா பந்தயக் காரிலோ நான்கு சக்கரங்களும் மூடப்படாமல் வெளியே நிற்கும். ஒருவர் மட்டுமே அதில் அமர முடியும்.

ஜப்பானில் இத்தகைய கார்களுக்கான சாம்பியன் போட்டி 1973-இல் தொடங்கியது. 1996 முதல் 'பார்முலா நிப்பான்' என்றும், 2013 முதல் 'சூப்பர் பார்முலா' என்றும் அது பெயர் பெற்றது. 2017-இல் எல்லா அணிகளுக்கும் இத்தாலியின் தல்லாரா நிறுவனம் செய்த ஒரே வகைக் கார்தான். எஞ்சின் மட்டும் டொயோட்டா அல்லது ஹோண்டா. ஆகவே ஓட்டுபவரின் திறமையே பெரிதாக நின்றது.

இப்போட்டியில் நம் தமிழர் ஒருவரும் இருந்தார் என்பது நமக்குப் பெருமை. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன், 2005-இல் பார்முலா 1 பந்தயத்தில் கார் ஓட்டிய முதல் இந்தியர். 2014 முதல் 2018 வரை ஜப்பானில் போட்டியிட்ட அவர், 2017-இல் தமது நாற்பதாம் வயதில் நகஜிமா அணிக்காக ஓட்டினார்.

2017-இல் பந்தயத்தில் முதலிடத்துக்கு 10 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 8, மூன்றாம் இடத்துக்கு 6 என எட்டாம் இடம் வரை புள்ளிகள் இருந்தன. ஒக்கயாமாவில் மட்டும் இரண்டு பந்தயங்கள் நடந்ததால், ஒவ்வொன்றுக்கும் பாதிப் புள்ளியே கொடுத்தார்கள். அரைப் புள்ளி பிறந்தது அங்கேதான்.

அக்டோபர் மாதம், கடைசிச் சுற்றுக்காக எல்லாரும் சுசுகாவில் கூடினர். ஜப்பானியரான ஹிரோஆகி இஷியுராவுக்கு 33.5 புள்ளிகள், பிரெஞ்சு இளைஞர் பியர் காஸ்லிக்கு 33. பார்முலா 1 வாய்ப்புப் பெற்றிருந்த காஸ்லி, அமெரிக்கப் பந்தயத்தையே விட்டுவிட்டு இங்கே வந்திருந்தார். ஆனால் பெரும் புயல் நெருங்கியது. உயிரே பெரிதென்று பந்தயங்களை ரத்து செய்தனர். இஷியுரா சாம்பியன் ஆனார்! என்றோ ஈட்டிய அரைப் புள்ளி அன்று கைகொடுத்தது.

நரேனுக்கு அவ்வாண்டு வெற்றி கிட்டவில்லை. ஆயினும் அவர் முயற்சியைக் கைவிடவில்லை. 2019 நவம்பரில், ஜப்பானிய, ஜெர்மானியப் பந்தயக் கார்கள் ஒன்றாக ஓடிய புஜிப் போட்டியில், ஞாயிற்றுக்கிழமைப் பந்தயத்தில் முதலாவதாக வந்தார்.

தோழியரே, பொதுத் தேர்வை எதிர்நோக்கி நிற்கும் நாம், கடைசி நேரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கலாமா? கடைசி நாள் நம் கையில் இல்லை. இன்றைய நாள் இருக்கிறது. வகுப்புத் தேர்வில் பெறும் அரை மதிப்பெண்ணையும் அலட்சியம் செய்யாமல் சேர்ப்போம், வெல்வோம்!