உங்களுக்குத் தெரியுமா? வாதத்தில் புகும் போலி

‘கண்ணுக்குத் தெரிவதால் ஒலி அழியும்.’ இப்படிப் பொருந்தாக் காரணம் காட்டுவதை ‘ஏதுப் போலி’ என்கிறது மணிமேகலையின் 29ஆம் காதை. பக்கப் போலி (நிறுவ முனையும் கூற்றிலேயே பிழை) 9, ஏதுப் போலி 14, எடுத்துக்காட்டுப் போலி 10 என பௌத்தத் துறவி அறவண அடிகள் அங்கே பிரித்துக் காட்டுகிறார்.

சிலமலை என்ற ஊருக்கு அருகே, பொட்டிப்புரம் மலையைக் குடைந்து, நியூட்ரினோ என்னும் நுண்துகளை ஆராயும் ஆய்வகம் அமைக்கும் திட்டம் பற்றிய வாக்குவாதத்திலும் போலிகள் புகுந்தன. ‘நியூட்ரினோ கொல்லும்’ என்பது தவறு. சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் நொடிக்குப் பல ஆயிரம் கோடி நம் விரல்நகத்தை ஊடுருவிப் போகின்றன. ஆனால், ‘பாறைக்கு வெடிவைத்தால் நீரூற்றும் காடும் என்னாகும்?’ என்று கேட்டவருக்கு ‘நியூட்ரினோ தீங்கற்றது’ என்று சொன்னால், அது கேட்காத கேள்விக்கான பதில். கேட்டவரையே ‘அறிவியலின் எதிரி’ என்பது இன்னும் மோசம்: அவர் யாராக இருந்தாலும் நீரூற்றுக் கேள்வி அப்படியேதான் நிற்கிறது.