பைப்பு முனையை ஏன் சீவ வேண்டும்?



பென்சில் சீவுவோம். இளநீர் சீவுவோம். பிவிசி பைப்பையும் சீவணும் என்று உங்களுக்குத் தெரியுமா?

போன மாசம் நம் பள்ளியில் பெண்கள் கழிப்பறைக்குப் பின்னால் பைப்பு ஜாயிண்ட் ஒழுகி, நாலு நாள் பூட்டிக் கிடந்தது. அந்த நாலு நாளும் எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தண்ணீரே குடிக்கவில்லை. குடித்தால் எங்கே போவது? தலைவலி என்று இரண்டு பேர் வீட்டுக்கே போய்விட்டார்கள். சரி செய்ய வந்தவர் என் தாய்மாமா. அவர் பிளம்பர். பைப்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “பைப்பு உடையல பாப்பா, முனையைச் சீவாம சொருகியிருக்காங்க” என்றார். அவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

எந்தப் பைப்பு?

கழிப்பறைக்குப் பெரும்பாலும் 110 மி.மீ. வெளிவிட்டம் உள்ள பைப்பு போடுவார்கள். கடையில் ‘நாலு இஞ்ச் பைப்பு’ என்று கேட்பது இதைத்தான். குளிக்கிற தண்ணீர் போக 75 மி.மீ. போதும். ஒரு முனை அகலமான வாயாக இருக்கும். மறுமுனை சாதாவாக இருக்கும். ஒன்றின் சாதா முனையை இன்னொன்றின் வாய்க்குள் சொருக வேண்டும். ரப்பர் வளையம் போடுகிற பைப்பில் சாதா முனை கம்பெனியிலேயே சரிவாகச் சீவி வரும். நாம் அளவுக்கு வெட்டும்போது அந்தச் சரிவு போய்விடுகிறது. அதனால் வெட்டினால் மறுபடி சீவியே ஆகணும்.

செய்முறை

1. கோடு போடுதல்: ஒரு நியூஸ் பேப்பரை எடுத்து பைப்பைச் சுற்ற வேண்டும். சுற்றளவு 22/7 × 110, அதாவது சுமார் 346 மி.மீ. பேப்பரின் நேர் ஓரம் சுற்றி வந்து அதே ஓரத்தின் மேல் சரியாக உட்கார்ந்தால் கோடு நேர். விலகினால் கோணல். நம் கணக்குப் பாட உருளைதான் இது!

2. வெட்டுதல்: பல் பொடியாக உள்ள ஆக்சா பிளேடு நல்லது. ஒரே பக்கமாக அறுத்துக்கொண்டே போகாமல், பைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டி, கோட்டின் மேலேயே அறுக்க வேண்டும்.

3. பிசிறு எடுத்தல்: அறுத்த இடத்தில் உள்ளேயும் வெளியேயும் பிசிறு நிற்கும். உள்பிசிறை விட்டால் முடி, துணி, பேப்பர் எல்லாம் அதில் சிக்கி நாளடைவில் அடைத்துக்கொள்ளும். கத்தியால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும்.

4. சீவுதல்: அரத்தைச் சாய்த்துப் பிடித்து, வெளி ஓரத்தைச் சுற்றிலும் ஒரே சீராக ராவ வேண்டும். சரிவு சுமார் 15 டிகிரி. பைப்புக் கனத்தில் பாதி வரை ராவினால் போதும். கத்தி மாதிரி கூராக்கினால் முனை சில்லு சில்லாக உடையும்.

5. சொருகுதல்: ரப்பர் வளையத்துக்கு சோப்புத் தண்ணீர் தடவிச் சொருக வேண்டும். முழுசாகப் போனதும் சுமார் 10 மி.மீ. பின்னால் இழுத்து விடணும். ஏன் தெரியுமா? 30 டிகிரி சூடு ஏறினால் 3 மீட்டர் பைப்பு சுமார் 6 மி.மீ. நீளும். அதற்கு இடம் வேண்டாமா? பசை போடுகிற ஜாயிண்ட் என்றால் துடைத்துக் காயவிட்டு, இரண்டு பக்கமும் பசை தடவி, கால் சுற்றுத் திருப்பி, கடைசி வரை சொருகி, அரை நிமிஷம் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

சீவாவிட்டால் என்ன ஆகும்?

வளைய ஜாயிண்டில் கூரான ஓரம் ரப்பரைத் தள்ளிவிடும், அல்லது கிழித்துவிடும். பசை ஜாயிண்டில் அந்த ஓரமே பசையை வழித்து உள்ளே தள்ளிவிடும். வெளியே பார்த்தால் நல்லா ஒட்டியது மாதிரி தெரியும், உள்ளே பசை இருக்காது. எங்கள் கழிப்பறையில் வளையம் பாதி கிழிந்து மடங்கிக் கிடந்தது. மாமா வளையத்தை மாற்றி, முனையைச் சீவிப் போட்டார். வேலை ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. சீவுவதற்கு மட்டும் ஐந்து நிமிஷம்! அந்த ஐந்து நிமிஷத்தை முதலிலேயே செலவழித்திருந்தால் நாலு நாள் கஷ்டம் வந்திருக்காது.

செய்யக் கூடாதவை

* கப்ளிங் வாங்கக் காசு மிச்சம் என்று பைப்பு முனையை நெருப்பில் காட்டி விரிக்கக் கூடாது. விரித்த இடம் மெலிந்து பலம் குறையும்.
* ரப்பர் வளையத்துக்கு கிரீஸ், இன்ஜின் ஆயில் தடவக் கூடாது. ரப்பர் ஊறிக் கெடும்.
* பசை சீக்கிரம் தீப்பிடிக்கும். பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது.
* வெட்டிய துண்டுகளைக் கொளுத்தக் கூடாது. வரும் புகை விஷம்.
* பைப்பின் வாய், தண்ணீர் வரும் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். வாட்டம் 40 அடிக்கு 1 அடி இருந்தால் நன்றாக ஓடும்.

நண்பர்களே! மண்ணுக்குள் மூடிய பிறகு ஜாயிண்டை யாரும் பார்க்க முடியாது. மூடுவதற்கு முன்னால்தான் கேட்க முடியும். உங்கள் வீட்டில் பைப்பு வேலை நடந்தால் பக்கத்தில் போய் நின்று கேளுங்கள்: “அண்ணே, முனையைச் சீவிட்டீங்களா?”

சின்னப் பிள்ளை கேட்கிறாள் என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சீவினால் சரி!

— 9-ஆம் வகுப்பு மாணவி