கல்முனைக் கடற்கரையிலிருந்து சாகாமம் குளக்கட்டு வரை

தங்கச்சியின் மகன் லண்டனில் வேலை பார்க்கிறான். பெருநாளைக்கு ஊருக்கு வந்தவன், லிஸ்பனில் ஒரு நாள் சுற்றிய கதையை வாய் ஓயாமல் சொன்னான். 28ஆம் இலக்க டிராமில் மேடேறியது, பெலெமில் 1837இலிருந்து விற்கிற முட்டைப் பலகாரத்தைச் சுடச்சுடத் தின்றது எல்லாம். "அங்க ஊர் பாக்கிறதும் தின்றதும் ஒண்டுதான் மாமா" என்றான். நம்மட ஊரை அப்படி ஒரு நாளாவது பார்த்திருக்கிறாயா என்று கேட்டேன். பேசாமல் இருந்தான். மறுநாள் சுபஹ் தொழுத கையோடு மோட்டார் சைக்கிளை எடுத்தோம்.

கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிக்குப் போய்ச் சேரும்போது வெளிச்சம் வந்துவிட்டது. நாகூர் சாஹுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் வருடாவருடம் கொடியேறுகிற இடம். கொடியேற்ற நாட்களில் இந்த மணலில் கால் வைக்க இடமிருக்காது. அன்றைக்குக் கரைவலை இழுப்பவர்கள் மட்டும் நின்றார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் மருதமுனையும் கல்முனையும் சாய்ந்தமருதும் இழந்த உயிர்களை நினைக்காமல் இந்தக் கரையில் என்னால் நிற்க முடிவதில்லை. வலை கரையேறியதும் கீரிமீன் வெள்ளியாகத் துடித்தது. அதே மீன் பொரியலோடு இடியப்பமும் பாலாணமும் சம்பலும் பக்கத்துச் சாயக்கடையில் தின்றோம்.

மருதமுனைக்கு வடக்கே திரும்பிப் போய்க் கைத்தறி பார்த்தோம். சாரன் நெய்கிற தறியின் சத்தம் முன்பு தெருவெல்லாம் கேட்கும். இன்று தேடித்தான் போகவேண்டும். அங்கிருந்து தெற்கே வந்தால் பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயில், பிறகு கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று வேலிக்கு வேலி மாறிவரும் இந்த வரிசையை அவன் பஸ் யன்னலால் ஆயிரம் தடவை பார்த்தவன். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள்தான் யாழ் நூலை எழுதினார் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த பாடம். அவருடைய ஊரில் இறங்கி நின்றது அன்றுதான்.

ஒலுவிலில் மனம் கனத்தது. முன்னாள் அமைச்சர் அஷ்ரப் கண்ட கனவு அந்தத் துறைமுகம். 2013இல் திறந்தார்கள். வாயில் மணல் அடைத்தது. வடக்குப் பக்கக் கரையைக் கடல் தின்றது. தென்னைகள் வேரோடு சரிந்த இடத்தை அவனுக்குக் காட்டினேன். துறைமுகம் கட்டியவர்கள் கரை இழந்தவர்களுக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். பக்கத்திலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. இன்று எங்கள் வீட்டுப் பிள்ளைகள் படித்துப் பட்டம் வாங்கி வருகிறார்கள். ஒரே ஊரில் ஒரு கனவு பலித்தது, ஒன்று பாதியில் நிற்கிறது.

மதியச் சாப்பாடு அக்கரைப்பற்றில், தங்கச்சி வீட்டில். அவள் வீடு என்றுதான் சொல்லவேண்டும். இந்தக் கரையில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம், மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் இதே வழக்கம். தாய்வழியாக வருகிற குடி முறையும் இருவருக்கும் உண்டு. பாய் விரித்து நடுவே சஹன் வைத்தாள். நெய்ச்சோறு, மாட்டிறைச்சிக் கறி, வாழைக்காய்ப் பிரட்டல், விரால் மீன் புளியாணம். ஆளுக்கொரு பக்கமாகச் சுற்றி இருந்தோம். தன் முன்னால் உள்ளதைத்தான் தின்னவேண்டும். நல்ல இறைச்சித் துண்டு கிடைத்தால் அடுத்தவர் பக்கம் தள்ளிவைப்பது மரியாதை. லண்டன்காரன் தன் துண்டை உம்மாவின் பக்கம் தள்ளினான். அவள் திருப்பித் தள்ளினாள்.

கடைசியில் வட்டிலப்பம். முட்டை, தேங்காய்ப்பால், கித்துள் கருப்பட்டி, ஏலம். பெலெம் பலகாரத்திலும் முட்டையும் இனிப்பும்தானே என்றான். லிஸ்பனுக்கும் நமக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு என்றேன். போர்த்துக்கேயர் மேற்குக் கரையிலிருந்து துரத்திய முஸ்லிம்களில் 4,000 பேரைக் கண்டி மன்னன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று வரலாறு சொல்கிறது. கையில் கரண்டியோடு கேட்டுக்கொண்டே இருந்தான்.

அறுகம்பேக்குப் போகிற வேன்கள் இந்தத் தெருவால்தான் போகின்றன, எங்கும் நிற்பதில்லை. அது எனக்குப் பெரிய ஆதங்கம். அலையில் விளையாட வருகிற வெள்ளைக்காரனுக்கு ஒரு சஹன் சோறு காட்ட நம்மிடம் ஆளில்லையா?

அஸருக்குப் பிறகு தம்பிலுவில் தாண்டித் திருக்கோவில். சித்திர வேலாயுத சுவாமி கோயில் வாசலிலிருந்தே கடல் இரையும். கதிர்காமத்துக்கு நடந்து போகிற அடியார்கள் தங்கிப்போகிற இடம் இது. அங்கிருந்து மேற்கே திரும்பினால் வயல், வயல் முடிந்தால் சாகாமம் குளம். 1963இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. குளக்கட்டில் ஏறினோம். எருமைகள் கழுத்தளவு தண்ணீரில் கிடந்தன; ஒன்றின் முதுகில் கொக்கு. நீர்க்காகங்கள் பட்ட மரத்தில் சிறகு விரித்துக் காயவைத்தன.

வழியில் வாங்கிய எருமைத் தயிர்ச் சட்டியைத் திறந்தோம். மண் சட்டி தண்ணீரை உறிஞ்சிவிடும், அதனால் கரண்டி நட்டால் நட்டபடி நிற்கும். மேலே விரல் கனத்துக்கு ஆடை. பாணி ஊற்றியதும் அது ஆடை மேல் தங்கி, கரண்டி பட்ட இடத்தில் மட்டும் உள்ளே இறங்கியது. சூரியன் குளத்துக்குள் விழுந்துகொண்டிருந்தது. யானை இறங்கும் நேரம், கெதியாப் போவோம் என்றேன்.

"கொஞ்சம் பொறுங்க மாமா" என்று சட்டியின் அடியைச் சுரண்டினான்.