புற்றல்லாத மார்பகக் கட்டிகள்

புற்றல்லாத மார்பகக் கட்டிகள் என்பது மார்பகத்தில் தோன்றி, பிற உறுப்புகளுக்குப் பரவாத கட்டிகளையும் வீக்கங்களையும் குறிக்கும் பொதுப்பெயர் ஆகும். மார்பக வலி, காம்புக் கசிவு, சீழ்க்கட்டி ஆகியவையும் இவற்றோடு சேர்த்தே பேசப்படுகின்றன. மார்பில் கட்டி என்று மருத்துவரிடம் வருபவர்களில் பெரும்பான்மையோருக்கு இருப்பது புற்றுநோய் அல்ல. ஆனால் ‘புற்றல்ல’ என்பது வீட்டில் தொட்டுப் பார்த்துச் சொல்லக்கூடியது அல்ல. சோதனைகள் முடிந்த பிறகே அதைச் சொல்ல முடியும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் பழனியை அடுத்துள்ள பாலசமுத்திரம் போன்ற சிறு பேரூர்களில் இதைக் கூச்சத்தால் மறைத்து, பற்றுப் போட்டு நாள் கடத்துவோரும் உண்டு. கட்டி என்றாலே வெட்டி எடுத்துவிட வேண்டும் என்று பதறுவோரும் உண்டு. முன்னது ஆபத்தானது, பின்னது பல நேரங்களில் தேவையற்றது.

வயதும் கட்டியும்

கட்டி எவ்வகையாக இருக்கும் என்பதை முதலில் ஊகிக்க உதவுவது வயது. 15 முதல் 35 வயது வரை மிகுதியாகக் காணப்படுவது நார்ச்சுரப்பிக் கட்டி. மருத்துவ அறிக்கையில் இது ‘ஃபைப்ரோஅடினோமா’ என்றிருக்கும். கோலிக்குண்டு போல உருண்டு, ரப்பர் போன்ற உறுதியுடன், விரல் பட்டால் வழுக்கி நகரும். பொதுவாக வலிக்காது. பெரும்பாலானவை 2 அல்லது 3 சென்டிமீட்டர் வரை வளர்ந்து நின்றுவிடும். சில தாமாகவே சுருங்குவதும் உண்டு.

சோதனையில் உறுதியான சிறிய நார்ச்சுரப்பிக் கட்டியை அகற்ற வேண்டியதில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை என ஓரிரு ஆண்டுகள் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் போதும். 3 சென்டிமீட்டரைத் தாண்டினாலோ, வளர்ந்துகொண்டே போனாலோ, அதை வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்க முடியவில்லை என்றாலோ அறுவை செய்யலாம். திருமணத்துக்கு முன் எடுத்துவிட வேண்டும் என்று குடும்பத்தார் அவசரப்படுவதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. இக்கட்டி பால் கொடுப்பதைப் பொதுவாகத் தடுப்பதில்லை. மாறாக, காம்பை ஒட்டிய அறுவை பால் நாளங்களைப் பாதிக்கக்கூடும். சில மாதங்களிலேயே வேகமாகப் பெருக்கும் கட்டி மட்டும் வேறு. அது ‘பில்லோடிஸ்’ வகையாக இருக்கலாம் என்பதால், சுற்றியுள்ள நல்ல திசுவையும் சிறிது சேர்த்து எடுப்பது வழக்கம்.

35 முதல் 50 வயது வரை நீர்க்கட்டிகள் மிகுதி. நேற்று இல்லாதது இன்று இருப்பதுபோல் திடீரென்று தெரியும்; மாதவிலக்குக்கு முன் வலிக்கும். வலியுள்ள நீர்க்கட்டியில் ஊசியால் நீரை உறிஞ்சினால் அங்கேயே மறைந்துவிடும். உறிஞ்சிய நீரில் இரத்தம் இருந்தாலோ, கட்டி முழுவதும் மறையாவிட்டாலோ மேற்கொண்டு சோதனை தேவை.

பருவமடையும் வயதுச் சிறுமிக்கு ஒரு பக்கம் மட்டும் காம்பின் அடியில் காசு போன்ற தடிப்பு முதலில் தோன்றலாம். அது கட்டி அல்ல; மார்பக மொட்டு. அதை வெட்டினால் அந்தப் பக்கம் மார்பகமே வளராமல் போகும். பருவ வயதுப் பையன்களுக்கு வரும் இத்தகைய வீக்கம் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் மறையும். பிறந்த குழந்தையின் மார்பு வீங்கிப் பால் போலக் கசிவது தாயின் ஹார்மோன்களால்தான். அதைப் பிதுக்கும் பழக்கமே சீழ் வைக்கக் காரணமாகிறது.

பால் கொடுக்கும் காலம்

குழந்தை சரியாகப் பற்றிக் குடிக்காதபோதும், பால் கொடுக்கும் இடைவெளி கூடும்போதும் பால் கட்டிக்கொள்கிறது. மார்பகம் கல்லாக இறுகிச் சிவந்து, காய்ச்சலும் வந்தால் அது அழற்சி. இந்நிலையில் பால் கொடுப்பதை நிறுத்துவதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு. தொடர்ந்து கொடுக்க வேண்டும். குளிர்ந்த ஒத்தடம் வலியைக் குறைக்கும். அழுத்திப் பிசையக் கூடாது. ஒரு நாளில் காய்ச்சல் தணியாவிட்டால் மருத்துவரிடம் செல்ல வேண்டும். சீழ் கட்டினாலும் உடனே கத்தி வைக்க வேண்டியதில்லை. ஸ்கேன் பார்த்தபடி ஊசியால் உறிஞ்சி, தேவைப்பட்டால் திரும்ப உறிஞ்சுவதே பல இடங்களில் முதல் வழி.

தென்னிந்தியாவில் மார்பில் மல்லிகைச் சரத்தை வைத்துக் கட்டும் வழக்கம் உண்டு. நிலக்கோட்டை மல்லிகை விளையும் இம்மாவட்டத்துக்குப் பூ எட்டாத பொருள் அல்ல. இது வெறும் நம்பிக்கை அல்ல என்பதை 1988-இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு காட்டியது: குழந்தையை இழந்த தாய்மார் போன்றோருக்குப் பால் வற்றச் செய்வதில் மல்லிகை, அப்போது வழக்கிலிருந்த புரோமோகிரிப்டின் மாத்திரைக்கு ஈடாகப் பயன்பட்டது. அதனாலேயே, பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாய் பால்கட்டுக்கு மல்லிகையைக் கட்டுவது பொருத்தமில்லை.

மருந்துக்கு அடங்காமல் மீண்டும் மீண்டும் வந்து புரையோடும் சீழ்க்கட்டி இந்தியாவில் காசநோயாகவும் இருக்கக்கூடும். இரண்டு வாரமாகியும் சிவப்பும் வீக்கமும் குறையாவிட்டால், அழற்சி போலத் தோன்றும் புற்றும் உண்டு என்பதை மனத்தில் வைத்துச் சோதிக்க வேண்டும்.

வலியும் கசிவும்

மாதவிலக்குக்கு முன் இரு மார்பகங்களும் கனத்து வலிப்பது மிகப் பொதுவானது. வலி மட்டும் புற்றின் அறிகுறியாக இருப்பது அரிது. புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. ‘வலிக்கவில்லையே, பரவாயில்லை’ என்று இருந்துவிடுவது தலைகீழான கணக்கு. பயப்பட ஒன்றுமில்லை என்று தெரிந்ததுமே பலருக்கு வலி பொறுக்கும்படி ஆகிவிடுகிறது. அளவான, நன்கு தாங்கும் உள்ளாடையும் வலிநீக்கிக் களிம்பும் உதவும். வலி மிகுந்தால் இந்தியாவில் ஓர்மிலாக்சிஃபீன் கொடுக்கப்படுகிறது. இது லக்னோவின் மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கருத்தடைக்காக உருவாக்கிய, ‘சஹேலி’, ‘சாயா’ என்ற பெயர்களில் அறியப்படும் மாத்திரை. மாதவிலக்கைத் தள்ளிப்போடும் என்பதால் மருத்துவர் சொல்லாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரு காம்புகளிலும் பல துளைகளிலிருந்து, அழுத்தினால் மட்டும் வரும் வெள்ளை அல்லது பச்சை நிறக் கசிவு பொதுவாகத் தீங்கற்றது. ஒரே காம்பின் ஒரே துளையிலிருந்து தானாக வரும் இரத்தக் கசிவுக்குப் பெரும்பாலும் பால் நாளத்துக்குள் வளரும் சிறு மருவே காரணம் என்றாலும், சோதிக்காமல் விடக் கூடாது.

மூன்று சோதனைகள்

மருத்துவர் கையால் பார்ப்பது, படம் எடுப்பது, ஊசியால் திசு எடுப்பது ஆகிய மூன்றும் ஒரே முடிவைச் சொல்ல வேண்டும். ஒன்று முரண்பட்டாலும் மேலும் தேட வேண்டும். இளம்பெண்களின் மார்பகத் திசு அடர்த்தியாக இருப்பதால் முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். 40 வயதுக்கு மேல் மேமோகிராமும் சேரும். அறிக்கையில் ‘பைராட்ஸ்’ என்றோர் எண் இருக்கும். 2 என்றால் தீங்கற்றது. 3 என்றால் புற்றாக இருக்கும் வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. 4, 5 என்றால் திசுச் சோதனை கட்டாயம். ஊசி குத்தினால் புற்று பரவும் என்ற பேச்சுக்கு ஆதாரமில்லை. அந்தப் பேச்சை நம்பித் தள்ளிப்போட்ட மாதங்களில்தான் நோய் வளர்கிறது.

எங்கே காட்டுவது

தேசியத் திட்டத்தின்படி 30 வயதைக் கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார அமைப்பிலேயே மார்பகப் பரிசோதனை செய்யப்பட வேண்டும். பயிற்சி பெற்ற செவிலியர் பார்த்தால் போதுமா என்ற ஐயத்துக்கு இம்மாவட்டத்திலேயே ஒரு விடை இருக்கிறது. ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையிலுள்ள மருத்துவ மையத்தின் பங்கேற்புடன் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் நடந்த ஆய்வில், செவிலியர்கள் 30 முதல் 59 வயதுப் பெண்களின் கருப்பை வாயைச் சோதித்தனர். அவ்வகைப் புற்றால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததாக 2007-இல் லான்செட் இதழ் வெளியிட்டது. மார்பகத்துக்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கிய ஆய்வு சான்று. சுகாதாரப் பணியாளர்களே கையால் பரிசோதித்ததில், 50 வயதுக்கு மேற்பட்டோரிடம் மார்பகப் புற்று இறப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தது.

பாலசமுத்திரத்தில் இருப்பவர் முதலில் அணுகக்கூடியவர் கிராம சுகாதார செவிலியர். அடுத்து பழனி அரசு மருத்துவமனை. மேல் சோதனைக்குத் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையும் உள்ளன. பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. கெட்டியாக நகராத கட்டி, தோலில் குழி, ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு, புதிதாக உள்ளிழுத்த காம்பு, அக்குளில் கட்டி ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் அடுத்த மாதவிலக்கு வரை காத்திருக்கக் கூடாது. கண்காணிப்பில் இருப்பவர்கள் ஒவ்வொரு முறையும் பழைய ஸ்கேன் படத்தையும் ஊசிச் சோதனை அறிக்கையையும் கையோடு கொண்டுபோக வேண்டும்; கட்டி வளர்ந்திருக்கிறதா என்பதை மருத்துவர் அவற்றோடு ஒப்பிட்டே சொல்ல முடியும்.