மூன்று மாதத்துக்கு எதற்குக் கிரைண்டர்?

பெண்ணுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டது என்றால் எந்த வீட்டிலும் பாயசம் வைப்பார்கள். எங்கள் சித்தி வீட்டில் அன்று அடுப்பே மூட்டவில்லை. காரணம் உத்தியோகம் அல்ல, ஊர்!

சித்தியின் மகள் நர்ஸ் படிப்புப் படித்தவள். சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்துக்கொண்டே, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் பரீட்சைக்கும் படித்தாள். 2012-ல் இந்த வாரியம் ஏற்பட்டதிலிருந்து அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸுகளைப் பொறுக்கி எடுப்பது அதன் வேலை. பெண் தேறிவிட்டாள். கலந்தாய்வில் அவள் முறை வருவதற்குள் சென்னையும் சென்னையைச் சுற்றியுள்ள ஊர்களும் தீர்ந்து போயிருந்தன. திருச்சி மாவட்டத்தில், முசிறிப் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இடம் இருந்தது. "சரி" என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டாள்.

"முசிறியா? அது எங்கே இருக்கிறது?" என்றாள் சித்தி.

சித்தப்பா தேசப்படத்தைப் பார்த்து, "காவேரிக் கரையில்" என்றார்.

"காவேரி நீளமாகத்தான் ஓடுகிறது. அதன் கரையில் எங்கே என்று கேட்டேன்."

சித்தியின் ஆட்சேபணைகளை முழுவதும் எழுதினால் இந்த இதழ் போதாது. முதலில் தொகுப்பூதியம்தான், நிரந்தரம் பிறகுதான். சென்னையில் வாங்குவதை விட அப்படியொன்றும் அதிகமில்லை. கல்யாண வயசு. தெரியாத ஊரில் ராத்திரி டியூட்டி. ஆற்றங்கரை என்றால் கொசு; தோட்டங்காடு என்றால் பாம்பு. நம் வீடுகளில் எந்தத் தாயும் சொல்லக் கூடியவைதான். அவற்றில் ஒன்றுகூட அர்த்தமற்றது என்று நான் சொல்ல மாட்டேன்.

கடைசியில் சமரசம் ஏற்பட்டது. மூன்று மாதம் பார்ப்பது. சரிப்படாவிட்டால் ராஜிநாமாவை எழுதிக் கொடுத்துவிட்டு வீடு திரும்புவது. ஒரு சின்னக் குக்கர், ஒரு வாணலி, இரண்டு தட்டு, நான்கு டப்பாக்கள். இவ்வளவுதான் சித்தி கட்டிக் கொடுத்தாள். "இட்லிப் பிரியை ஆயிற்றே உன் பெண், கிரைண்டர் வேண்டாமா?" என்று நான் கேட்டேன்.

"மூன்று மாதத்துக்கு எதற்குக் கிரைண்டர்?" என்றாள் சித்தி.

* * *

மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறித் திருச்சியில் இறங்கி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் முசிறி பஸ்ஸைப் பிடித்தோம். சித்தி, பெண், நான், மூவருமாகப் பிரயாணம். சுமார் நாற்பது கிலோமீட்டர் தூரம். காவேரியின் வடகரையை ஒட்டியே சாலை போகிறது. ஒரு பக்கம் ஆறு. மறு பக்கம் வாழை, கரும்பு, வெற்றிலைக் கொடிக்கால்.

"குணசீலம்! குணசீலம் இறங்கு!" என்று கண்டக்டர் கூவினார். அங்கே உள்ள பெருமாள் கோயிலுக்கு மனம் பேதலித்தவர்களை அழைத்து வந்து, 48 நாள் தங்க வைத்து வழிபடுவது நெடுநாள் வழக்கம். விஷயத்தைச் சொன்னேன்.

"அப்படியானால் என்னை இங்கேயே இறக்கிவிட்டுவிடுங்கள்" என்றாள் சித்தி. அந்தப் பிரயாணத்தில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அது வைகாசி மாதம். முசிறியில் காவேரியைப் பார்த்ததும் சித்திக்கு மறுபடியும் முகம் வாடிவிட்டது. ஆறு வெகு அகலம். பாலம் போய்க்கொண்டே இருக்கிறது. அதன் மறு கோடியில் குளித்தலை. ஆனால் கீழே இருந்ததெல்லாம் மணல்! நடுவில் கோடு கிழித்தாற்போல் கொஞ்சம் தண்ணீர். "தண்ணீரும் இல்லாத ஆற்றங்கரைக்கா வந்தோம்!" என்றாள்.

வாடகைக்கு வீடு பார்க்கும் பெண்களுக்கு என் தங்கை கடைப்பிடித்த ஒரு யோசனையைச் சொல்கிறேன். அவள் வீட்டை முதலில் பார்க்கவில்லை, வழியைப் பார்த்தாள். சுகாதார நிலையத்துக்குப் போகும் பஸ் எங்கே நிற்கிறது, அங்கிருந்து வீட்டு வாசல் வரை விளக்கு எரிகிறதா, இரவில் திறந்திருக்கும் கடை ஒன்றாவது உண்டா என்று விசாரித்தாள். அப்புறம்தான் வீட்டுக்குள் காலை வைத்தாள். கோரைப் பாய் நெய்யும் குடும்பத்தின் வீட்டில், பின்கட்டில் ஓர் அறை அமைந்தது. வீட்டுக்காரப் பாட்டியைத் தெருவே "அம்மாயி" என்று கூப்பிடுகிறது. அந்தப் பக்கத்தில் தாயைப் பெற்றவளுக்கு அதுதான் பெயர்.

அம்மாயிக்கு ஊர்ப் பெருமை அதிகம். "எங்க ஊருல கக்கூசு போனா நமக்கே காசு கொடுத்தாங்க, தெரியுமா?" என்று எடுத்த எடுப்பில் கேட்டார். சித்தி விழித்தாள். ஆனால் விஷயம் உண்மைதான். ஆற்றங்கரை ஊர்களில் நிலத்தடி நீர் மேலாகவே இருக்கும். குழிக் கழிப்பறைகளின் கழிவு கிணற்று நீரில் கலந்துவிடும். அதற்காகக் கழிவைத் தரைக்கு மேலேயே பிரித்துச் சேர்த்து, மக்க வைத்து எருவாக்கும் கழிப்பறைகளைத் திருச்சியைச் சேர்ந்த 'ஸ்கோப்' நிறுவனம் முசிறியில் கட்டியது. ஜனங்களைப் பழக்குவதற்காக, உபயோகிப்பவர்களுக்குச் சில்லறை கொடுத்த காலமும் உண்டு. அந்த நிறுவனத்தின் மாராச்சி சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

"சுத்தம் தெரிந்த ஊர்தான் போலிருக்கிறது" என்று சித்தி அரை மனதாக ஒப்புக்கொண்டாள்.

* * *

ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் இருமலுக்கு மாத்திரை கொடுக்கும் இடம் என்றுதான் பட்டணத்தில் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பகலில் அதுவும் நடக்கிறது. நாய்க்கடிக்கு ஊசி, பாம்புக்கடிக்கு முதல் மருந்து, குழந்தைகளுக்குத் தடுப்பூசி, சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை. கர்ப்பிணிகளுக்குத் தனிப் பதிவு உண்டு. பேரைப் பதிந்து எண் வாங்கி, ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்று மாதா மாதம் பார்த்துக்கொண்டால் 18,000 ரூபாய் மதிப்புள்ள மகப்பேறு உதவியும் வருகிறது.

அந்த உதவித் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயர். 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வந்து, 1912-ல் டாக்டர் பட்டம் பெற்றவர். நூறு வருஷங்களுக்கு முன் ஒரு பெண் வைத்தியம் படிக்க வேண்டுமானால் ஊரை விட்டுப் பட்டணம் வர வேண்டியிருந்தது. இப்போது பட்டணத்துப் பெண் வைத்தியம் பார்க்க ஊருக்குப் போகிறாள். இரண்டு பேர் வீட்டிலும் அழுகை ஒன்றாகத்தான் இருந்திருக்கும்!

ஆனால் சுகாதார நிலையத்தின் உண்மையான வேலை இரவில்தான் தெரியும். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூறு பிரசவங்களில் 99-க்கு மேல் ஆஸ்பத்திரிகளில் நடக்கின்றன. குழந்தைகள் டியூட்டி நேரம் பார்த்துப் பிறப்பதில்லையே! நர்ஸுகள் முறை வைத்து இருபத்து நாலு மணி நேரமும் இருக்கிறார்கள். டாக்டர் டெலிபோன் தூரத்தில் இருப்பார். ராத்திரி கதவைத் தட்டினால் திறப்பது நர்ஸ்தான்.

முதல் மாதம் தங்கை டெலிபோனில் அழுதாள். பேச்சுத் துணை இல்லை; சினிமா இல்லை; "எந்த ஊரு, எந்தத் தெரு, கல்யாணம் ஆச்சா?" என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. இரண்டாவது மாதம் அழுகை குறைந்தது. "அக்கா, இங்கே கரண்ட் போனால் எனக்கு விசிறி ஞாபகம் வருவதில்லை, ஊசி மருந்து வைத்திருக்கும் ஐஸ் பெட்டி ஞாபகம்தான் வருகிறது" என்றாள். சரி, பெண் வேலையில் அமர்ந்துவிட்டாள் என்று எண்ணிக்கொண்டேன். சித்தியிடம் சொல்லவில்லை.

* * *

ஆடிப் பதினெட்டுக்குச் சித்தியும் நானும் மறுபடி போனோம். மூன்று மாதம் முடிய இன்னும் சில வாரங்களே பாக்கி. ராஜிநாமாக் கடிதத்தைச் சித்தப்பாவைக் கொண்டு எழுத வைத்து, சித்தி கைப்பையில் வைத்திருந்தாள்.

வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும் மேட்டூர் அணையின் தண்ணீர் வந்து, காவேரி இரு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. வைகாசியில் பார்த்த ஆறா இது என்று சித்தி பிரமித்துவிட்டாள். பெண்கள் படித்துறையில் மஞ்சள், குங்குமம், காதோலை கருகமணி வைத்துப் பூஜை செய்து, தாலிச் சரடு மாற்றிக்கொண்டார்கள். அம்மாயி சித்திக்கும் ஒரு சரடு கட்டினார். வழியில் ஏழெட்டுப் பேராவது, "நர்ஸம்மாவோட அம்மாவா?" என்று நின்று பேசினார்கள்.

அன்று இரவு தங்கைக்கு டியூட்டி. "நானும் துணைக்கு வருகிறேன்" என்று சித்தி பிடிவாதமாகக் கிளம்பினாள், நானும் போனேன். தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். நள்ளிரவுக்குச் சற்று முன்னால் வாழைத் தோட்டத்துப் பக்கமிருந்து ஒரு பெண்ணை ஆட்டோவில் கொண்டு வந்தார்கள். இரண்டாவது பிரசவம். ஒரு மணிக்குள் ஆண் குழந்தை அழும் சத்தம் கேட்டது. மாமியார்க்காரி சந்தோஷமாக வெளியே வந்து, எங்கள் கையில் சர்க்கரை கொடுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் உள்ளே தங்கையின் குரல் மாறியது. ஆயாவைக் கூப்பிட்டாள். டெலிபோனில் டாக்டரைப் பிடித்தாள். உடனே 108-க்குச் சொன்னாள். நஞ்சு விழுந்த பிறகும் ரத்தப்போக்கு நிற்கவில்லை.

"குழந்தை பெத்தா ரத்தம் போறது சகஜந்தானேம்மா?" என்றாள் மாமியார்.

சகோதரிகளே, இந்த வார்த்தையால்தான் எத்தனையோ குடும்பங்கள் ஏமாந்திருக்கின்றன. பிரசவத்தில் ரத்தம் போவது சகஜம். அரை லிட்டருக்கு மேல் போவது சகஜம் அல்ல. பிரசவ சமயத்தில் தாய்மார்கள் உயிரிழப்பதற்கு உலகெங்கும் முதல் காரணம் இதுதான். கர்ப்பப்பை சுருங்காமல் தொளதொளவென்று நின்றுவிட்டால், குழாயைத் திறந்துவிட்டாற்போல் ரத்தம் போகும். பார்த்துக்கொண்டிருக்க மணிக்கணக்கு கிடையாது, நிமிஷக் கணக்குதான். அதைச் சுருங்க வைப்பது ஆக்ஸிடோசின் என்னும் ஊசி மருந்து. 2 முதல் 8 டிகிரிக் குளிரில் வைக்காவிட்டால் அதன் வீரியம் போய்விடும். தங்கை ஐஸ் பெட்டிக்காகக் கவலைப்பட்டதன் அர்த்தம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

குழந்தை பிறந்ததுமே போட்ட ஊசி போதவில்லை. டாக்டர் டெலிபோனில் சொல்லச் சொல்ல, அதே மருந்தைக் குளூக்கோஸ் பாட்டிலில் கலந்து ஏற்றினாள். மூத்திரம் தங்காமல் குழாய் போட்டாள். அடிவயிற்றின் மேல் கையை வைத்து, கர்ப்பப்பை கல்லைப் போல் இறுகும் வரை தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஆயா துணியில் சுற்றிய குழந்தையைக் கொண்டு வந்து, வேறு ஆள் அகப்படாமல், சித்தியின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள்.

சித்தி அந்தக் குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கண் மட்டும் உள்ளே திறந்திருந்த கதவின் மேலேயே இருந்தது. வீட்டில் ஒரு டம்ளரை எடுத்துக் கழுவச் சொன்னால் மூன்று தடவை கூப்பிட வேண்டிய பெண் அல்லவா அங்கே நின்றுகொண்டிருந்தாள்!

108 வந்து நின்றபோது ரத்தப்போக்கு வெகுவாக மட்டுப்பட்டிருந்தது. ஆனாலும் ரத்தம் ஏற்ற வேண்டும் என்று பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சித்தி குழந்தையை மாமியாரின் கையில் கொடுத்தாள். வண்டி சாலையில் திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய், வாளியை எடுத்துத் தரையில் தண்ணீர் ஊற்றி ஆயாவோடு சேர்ந்து கழுவ ஆரம்பித்தாள்.

"அம்மா, நீ எதற்கு?" என்றாள் தங்கை.

"நீ போய்க் கையைக் கழுவிக்கொண்டு உட்காரு. முதலில் ஏதாவது குடி" என்றாள் சித்தி.

நான்காம் நாள், தாய் பிழைத்துவிட்டாள் என்ற சமாசாரம் வந்தது. கூடவே ஒரு பூவன் தார் வந்து அம்மாயி வீட்டுத் திண்ணையில் இறங்கியது. தெரு முழுவதற்கும் பங்கு போட்டு முடித்தோம்.

ஊர் திரும்பும் பஸ்ஸில் சித்தி வெகு நேரம் ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தாள். குணசீலம் தாண்டியது, அன்று அவள் வேடிக்கை பேசவில்லை. கைப்பையிலிருந்த கடிதத்தைப் பற்றி நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் திடீரென்று என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்டி, இங்கே பார்சல் ஆபீஸ் எங்கே இருக்கிறது?"

"எதற்குச் சித்தி?"

"அந்தப் பெண் ராத்திரி முழுக்க நின்றுவிட்டு வந்து, காலையில் கடை இட்லியைத் தின்கிறது. வீட்டில் கிரைண்டர் சும்மாதானே கிடக்கிறது? சென்னையிலிருந்து அனுப்பினால் இங்கே யாரிடம் வாங்கிக்கொள்வது என்று கேட்டு வைத்துக்கொள்ள வேண்டாமா?"