மண்ணில் இடும் முதல்

கையில் நாலு காசு சேர்ந்தால் அதை மண்ணில் போட வேண்டும் என்னும் எண்ணம் நம் குடும்பங்களில் இயல்பாக எழுவதாகும். பொன்னைத் திருடன் கவர்வான், நெல்லை வண்டு அரிக்கும், நிலம் எங்கும் போகாது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வதுண்டு. நிலம் எங்கும் போகாது என்பது மெய்தான். ஆனால், அந்நிலத்தில் நமக்கு உண்டென்று நாம் நம்பிய பாத்தியதை போய்விடக் கூடும். முதன்முதலாக மனை வாங்கப் புறப்படும் அங்கத்தினர் கற்க வேண்டிய முதற்பாடம் இதுவே.

ஆண்டுக்கணக்கில் தறியில் அமர்ந்து நெய்து சேர்த்த சிக்கன நிதியும், கரும்பும் மஞ்சளும் விற்றுக் கடன் தீர்த்தபின் மிஞ்சிய தொகையும் ஒருமுறை கைவிட்டுப் போனால், மறுமுறை சேர்க்க ஆயுள் போதாது. செல்வந்தர் பத்து இடங்களில் பணம் போடுகிறார். ஒன்றில் ஏமாந்தால் மற்ற ஒன்பதும் அவரைத் தாங்கும். நாம் வாங்குவதோ ஒரே மனை. ஆகவே, விலை ஏறுமா என்று கேட்பதற்கு முன்னர், விற்பவருக்கு அதை விற்க உரிமை உண்டா என்று கேட்பதே நமக்கு அழகு.

பாவு சரியாக உள்ளதா?

நெசவாளருக்கு இதை விளக்குவது எளிது. பாவில் ஓர் இழை அறுந்திருப்பதைக் கவனியாமல் நெய்துகொண்டே போனால், அக்குறை துணியின் நீளம் முழுவதும் தெரியும். ஊடை எவ்வளவு உயர்ந்த பட்டாயினும் அதை மறைக்காது. நிலத்தின் பத்திரத் தொடர்ச்சியும் அத்தகையதே. இன்று விற்பவர் யாரிடமிருந்து பெற்றார்? அவருக்கு அது கிரயத்தால் வந்ததா, பாகப்பிரிவினையால் வந்ததா, உயிலால் வந்ததா? அவருக்கு முன்னிருந்தவர் யார்? இவ்வாறு தாய்ப்பத்திரம் வரையில், குறைந்தது முப்பது ஆண்டுகளுக்காவது, இழை அறாமல் தொடர்ந்து செல்ல வேண்டும். நகல் போதாது; மூலப் பத்திரங்களையே பார்க்க வேண்டும். மூலம் வீட்டில் இல்லை என்று ஒருவர் சொன்னால், அது எங்கேனும் அடமானத்தில் இருக்கிறதா என்று விசாரிப்பது நம் கடமை.

வில்லங்கச் சான்றைப் பதிவுத் துறையின் இணையதளத்திலேயே இந்நாளில் பார்க்க இயலும். எனினும், பதிவான நடவடிக்கைகளை மட்டுமே அது காட்டும். பதியப்படாத உயிலோ, வாய்மொழியாகச் செய்துகொண்ட பாகப்பிரிவினையோ, நடந்துகொண்டிருக்கும் வழக்கோ அதில் தெரியாமற் போகலாம். பட்டாவும் வேண்டியதே, ஆயினும் பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவேடேயன்றி, தனியாக நின்று உரிமையை நிலைநாட்டும் பத்திரம் அன்று. சார்பதிவாளரின் முத்திரை விழுந்துவிட்டது என்பதனாலும், இல்லாத உரிமை உண்டாகிவிடாது. இவை மூன்றும் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதே சரியான பரிசோதனை.

அதன்பின் நேரில் சென்று, புல எண்ணையும் உட்பிரிவையும் புல வரைபடத்தோடு ஒப்பிட்டு, நிலத்தை அளந்து பார்க்க வேண்டும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு என்பது 2,400 சதுர அடி. பத்திரத்தில் கண்ட அளவும் நான்கு எல்லையும் தரையில் உள்ளனவா என்று அளவுநாடா சொல்லிவிடும். அந்நிலம் நீர்நிலைப் புறம்போக்கோ, கோயில் நிலமோ, பூதான நிலமோ, நிபந்தனையின் பேரில் அரசு ஒப்படைத்த நிலமோ அன்று என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் கேட்டறிய வேண்டும். அண்டை நிலத்துக்காரரிடம் பேசினால், எந்தப் பத்திரமும் சொல்லாத செய்தி சில வேளைகளில் வெளிப்படும்.

கையொப்பமிட வேண்டியவர் யார்?

குடும்பச் சொத்தாயின் மூத்த மகன் ஒருவர் கையொப்பமிட்டால் போதும் என்று எண்ணுவது பழைய பழக்கம். 1989-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தமும், 2005-ஆம் ஆண்டின் மத்தியத் திருத்தமும் இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் பெண்மக்களுக்குப் பங்குரிமை வழங்கின. ஆகையால் வாரிசுச் சான்றில் கண்ட மகள்களும் பத்திரத்தில் சேர வேண்டும். மைனருக்குச் சொந்தமான சொத்தாயின், 1956-ஆம் ஆண்டின் இந்து மைனர் மற்றும் காப்பாளர் சட்டப்படி, நீதிமன்ற அனுமதியின்றி இயற்கைக் காப்பாளர் அதை விற்கலாகாது. மீறி விற்றால், அம்மைனர் 18 வயது நிறைந்தபின் மூன்றாண்டுக்குள் வழக்கிட்டு அக்கிரயத்தை ரத்துச் செய்யக் கோரலாம்.

பொது அதிகாரப் பத்திரத்தை மட்டும் எழுதிக் கொடுத்து, இதுவே கிரயம் என்று சொல்வாரும் உளர். அதனால் சொத்துரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டில் தெளிவாகத் தீர்ப்பளித்துள்ளது. முன்பணம் கொடுக்கும்போது கிரய ஒப்பந்தத்தை எழுதிப் பதிந்துகொள்வது நன்று. ஆயினும், ஒப்பந்தம் கிரயம் ஆகாது. பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரமே உரிமையைத் தரும்.

வண்ணக் கொடியும் அங்கீகாரமும்

நெடுஞ்சாலை ஓரத்தில் கற்களுக்குச் சுண்ணாம்பு பூசி, வண்ணக் கொடி கட்டி, வேன் வைத்து அழைத்துச் சென்று மனைகளைக் காட்டுகிறார்கள். கொடியைப் பார்த்து மயங்காமல் மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரம் உண்டா என்று கேளுங்கள். சென்னைப் பெருநகர்ப் பகுதியாயின் அப்பொறுப்பு பெருநகர வளர்ச்சிக் குழுமத்தைச் சார்ந்தது. அங்கீகாரமற்ற மனைகளின் பதிவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது, அவற்றை வாங்கியிருந்தவர்கள் விற்கவும் வழியின்றித் தவித்ததை நாம் மறத்தலாகாது. வரன்முறைப்படுத்தும் வாய்ப்பும் பின்னர் 20-10-2016-க்கு முன் உண்டான மனைகளுக்கே அளிக்கப்பட்டது.

2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளை ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்த பின்னரே விற்பனைக்கு விளம்பரம் செய்யலாம். விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முன்பணம் வாங்குமுன் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் அச்சட்டம் விதிக்கிறது. அங்கீகார எண்ணையும் ஆணையப் பதிவெண்ணையும் கேட்டு வாங்கி, அவை உண்மையானவையா என்று சரிபார்க்க வேண்டும். எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றும் தரகரிடம் விடைபெற்றுக்கொள்வதே நலம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

சதுர அடி 500 ரூபாய் வீதம் 1,200 சதுர அடி மனை ஒன்றை ஒருவர் வாங்குவதாகக் கொள்வோம். விலை 6 லட்சம் ரூபாய். முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும், 2023 மார்ச் இறுதியில் குறைக்கப்பட்டபின் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடுமாக 54,000 ரூபாய் ஆகும். வழிகாட்டி மதிப்பு விலையைக் காட்டிலும் அதிகமாயின், அம்மதிப்பின் மீதே இவை கணக்கிடப்படும். 1-4-2025 முதல், 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைகிறது. மனைவியின் பெயரில் வாங்கினால் இங்கே 6,000 ரூபாய் மிஞ்சும். அவருக்கும் ஒரு பாதுகாப்பு உண்டாகும்.

வக்கீல் கட்டணம், எழுத்துக் கூலி நீங்கலாகவே அடக்கம் 6,54,000 ரூபாய். இத்தொகை ஆண்டுக்கு 7 விழுக்காடு கூட்டு வட்டியில் வைப்பாக இருந்தால், பத்தாண்டில் ஏறத்தாழ 12 லட்சத்து 86 ஆயிரமாகும். அந்த மனை பத்தாண்டுக்குப்பின் இதற்கு மேல் விற்றால்தான் லாபம் என்று சொல்லலாம். 10 லட்சத்துக்கு விற்றுவிட்டு, நாலு லட்சம் கிடைத்தது என்று மகிழ்பவர் தம் கணக்கைச் சரியாகப் போடவில்லை. வெறும் மனை வாடகை தராது. வேலி போடவும் முள்செடி வெட்டவும் செலவு வைக்கும். நோய் வந்தால் அதில் ஒரு மூலையை மட்டும் வெட்டி விற்கவும் இயலாது. ஆதலால் ஆறு மாதக் குடும்பச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு எஞ்சியதையே மண்ணில் போட வேண்டும். தறியை அடகு வைத்தும் கந்துவட்டிக்கு வாங்கியும் மனை வாங்குவது, இருக்கும் பிழைப்பைக் கொடுத்து இல்லாத லாபத்தை வாங்குவதாகும்.

விவசாய அங்கத்தினர்களுக்கும் ஒரு சொல். மனைப்பிரிவு போடுகிறோம் என்று வருவோர் சிறு முன்பணம் தந்து, பொது அதிகாரப் பத்திரத்தில் கையொப்பம் கேட்பதுண்டு. அதிலுள்ள ஒவ்வொரு வரியும் என்ன அதிகாரத்தைத் தருகிறது என்பதை வாசித்தறியாமல் கையொப்பமிடலாகாது. முழுப் பணம் கைக்கு வருமுன் விற்கும் அதிகாரம் பிறர் கைக்குப் போனால், உழுதவர் வரப்பில் நின்று வேடிக்கை பார்க்க நேரிடும்.

இன்றே முன்பணம் கட்டாவிட்டால் நாளை விலை ஏறிவிடும் என்று அவசரப்படுத்துவது தரகரின் தொழில். பத்திரங்களை ஒரு நல்ல வக்கீலிடம் காட்டி, எழுத்து மூலமான அபிப்பிராயம் பெறும் வரை பொறுத்திருப்பது நம் பொறுப்பு. அதற்கு ஆகும் சில ஆயிரம் ரூபாயை வீண்செலவு என்று எண்ண வேண்டாம். பாவைச் சரிபார்க்கச் செலவிடும் பொழுதை எந்த நெசவாளரும் வீண்பொழுது என்று சொல்வதில்லை.